"கண்ண மட்டும் விட்டுடுங்க சேர்" என்று இனிச் சொல்ல வேண்டாம்

(தோட்டங்களிலிருந்து வந்த பெற்றோர், சிறுவர் நிலையப் பொறுப்பாளர்கள், திருகோணமலையில் குடியிருக்கும் மலையகக் குடும்பங்கள் ஆகியோர் துறைமுகத்துக்கு அருகில் ஒரு மண்டபத்தில் கூடியபோது எமது தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை.)



முந்தாநாள் இரவு ஹட்டனில் பஸ் ஏறி, கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று இறங்கி வந்து நேற்று விடியற்காலை கடலைப் பார்த்தோம். எங்களோடு வந்த தாய்மார் பலருக்கு இதுதான் முதல் கடல். கோட்டைக்குள் ரோட்டோரத்தில் மான் நிற்பதைக் கண்டு ஒரு அம்மா கும்பிட்டே விட்டார். துறைமுகக் கரையில் நின்றபோது எதிரே சீனன்குடாப் பக்கம் பெரிய மாவு ஆலை தெரிந்தது. கோதுமை கப்பலில் வந்து அங்கேதான் அரைபடுகிறது என்று சொன்னதும், "அப்போ நம்ம ரொட்டி இங்கேயிருந்துதான் மலைக்கு ஏறுதா?" என்று கேட்டார்கள். ஆமாம், அதில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. கோணேசர் கோவிலுக்கு இன்று பின்னேரம் போகிறோம். கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு நாளைக் காலை. ஆகையால் கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள். கோவில் எங்கேயும் ஓடிப் போகாது.

இங்கே நம் ஆட்கள் இவ்வளவு பேர் இருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, மனசு கனக்கவும் செய்கிறது. 1977லும் 1983லும் கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு இந்தப் பக்கம் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊர் மாறினாலும் பள்ளிக்கூடத்து வாசலில் நாம் சொல்லும் ஒரு வசனம் மட்டும் மாறவில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

அந்த வசனத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இதைச் சொல்லாதவர்கள் கையை உயர்த்துங்கள். "சேர், கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சி எடுங்க. நாங்க ஒன்னும் கேக்க மாட்டோம்."

(சபையில் சிரிப்பு. ஒருவரும் கை உயர்த்தவில்லை.)

சரி. நாங்களும் உயர்த்தவில்லை. எங்களை முதன்முதல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போன அன்று எங்கள் அப்பா சொன்னது இதைத்தான். அவர் கெட்ட மனுசன் இல்லை. கவ்வாத்துக் காட்டில் முதுகு ஒடிய வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தவர். அவர் மனதில் அந்த வசனத்துக்கு அர்த்தம், "சேர், என் பிள்ளையை உங்கள் பிள்ளை போல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதுதான். அதைச் சொல்ல அவருக்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் நின்ற ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறு விதமாகத்தான் கேட்டது. இன்றைக்கு அடி விழுந்தால் நமக்குப் பேச வீட்டில் ஆளில்லை என்று கேட்டது. அந்த வருடம் முழுவதும் உள்ளங்கையில் விழுந்த அடிகளில் ஒன்றைக்கூட வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இரண்டாவது அடி விழும் என்று தெரியும்.

இது பழைய கதை. இதைவிட மோசமான கதை ஒன்று உண்டு. அதில் தவறு செய்தவர்கள் நாங்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பையன். பெயர் வேண்டாம். தரம் ஆறுக்கு ஏறியவுடன் ரோட்டுப் பக்கமுள்ள பெரிய பாடசாலைக்குப் போனான். மூன்று மாதத்தில் நின்றுவிட்டான். அம்மா வெளிநாட்டில். அப்பா காட்டு வேலை. நாங்கள் நலன்புரி உத்தியோகத்தர் என்ற கடமையில் லயத்துக்குப் போனோம். அவன் ஸ்டோர் பின்பக்கம் ஒளிந்திருந்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போய், வகுப்பு வாசலில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்க, "நல்லா ரெண்டு போடுங்க சேர், அப்பத்தான் இவன் சரிப்படுவான்" என்றோம். சேர் போட்டார். நாங்கள் கடமை முடிந்தது என்று திரும்பி வந்து, வரவுப் புத்தகத்தில் ஒரு பிள்ளை கூடிவிட்டது என்று எழுதினோம். இரண்டு நாளில் பையன் மறுபடியும் காணாமல் போனான். ஒரு மாதத்துக்குப் பிறகு கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை பிரிக்கிறான் என்று செய்தி வந்தது.

அவன் ஏன் போகவில்லை என்று பிறகுதான் விசாரித்தோம். அவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் இல்லை. கணக்கு நன்றாக வரும். முதல் வாரம் சப்பாத்து இல்லாமல் போயிருக்கிறான். காலைக் கூட்டத்தில் முன்னால் நிறுத்தினார்கள். அடுத்த நாள் பஸ் தவறி நேரம் பிந்தியது. முட்டுக்காலில் நிறுத்தினார்கள். பிறகு யாரோ ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. உங்களுக்குத் தெரியும் என்ன சொல் என்று. "தோட்டக்காட்டான்." ஒரு சொல்தான். அடியை மறந்துவிட்டான், அதை மறக்கவில்லை. இவ்வளவு நடந்த பிறகு ஐந்தாவது ஆளாக நாங்கள் போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கிறோம். "என்னடா நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தப் பிரம்பு நமக்கு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யோசித்ததுண்டு. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் பெரட்டுக் களத்தில் பெரிய கங்காணி கையில் கம்பு இருந்தது. துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கடன் கணக்கு எழுதிய ஒரு காகிதம் கையில் இல்லாமல் ஆள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள். அந்தக் காலத்தில் மலையில் ஒரு மனுசனுக்குப் பேசிப் புரிய வைக்கலாம் என்ற எண்ணமே மேலே இருந்தவர்களுக்குக் கிடையாது. தோட்டத்துப் பள்ளிக்கூடமும் அந்த நிழலில்தான் முளைத்தது. ஒரே அறை, ஒரு வாத்தியார், ஒரு கம்பு. அரசாங்கம் 1977க்குப் பிறகு படிப்படியாகத் தோட்டப் பள்ளிகளைப் பொறுப்பேற்றது. கட்டடம் மாறியது, வாத்தியார்மார் படித்துப் பயிற்சி பெற்று வந்தார்கள், நம் லயத்துப் பிள்ளைகளே இன்று டீச்சர்மாராக இருக்கிறார்கள். கம்பு மட்டும் பல இடத்தில் அப்படியே மூலையில் சாத்தி வைத்திருக்கிறது.

இன்றைக்கு ஒரு கங்காணி கொழுந்து மலையில் ஒரு அக்கா மேல் கையை ஓங்கட்டும் பார்ப்போம். அந்த நிமிசமே கூடை கீழே இறங்கும். தலைவர் வந்துவிடுவார். டிவிசன் முழுக்க வேலை நிற்கும். வளர்ந்த நமக்கு அடி விழக்கூடாது என்று நூறு வருடம் போராடி வாங்கி வைத்திருக்கிறோம். நம்மில் சின்னவர்களுக்கு மட்டும் நாமே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கிறோம்.

நேற்று காலை இங்கே ஒரு பாடசாலையில் தரம் மூன்று வகுப்பில் பின் வாங்கில் எங்களில் ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஏற்பாடு செய்து தந்தவர் இங்கே முன் வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த வகுப்பில் பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் இருந்தது. ஒரு பிள்ளை அழுதது, கடைசி மட்டும் அழுதுகொண்டே இருந்தது. ஆனால் சில விசயங்களைப் பார்த்தோம். வராதவர்களுக்காகச் சொல்கிறோம்.

டீச்சர் வாசலில் நின்றார். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் சொன்னார். முப்பது பிள்ளைகளுக்கு மேல்; மூன்று நிமிசம்கூட ஆகவில்லை. எங்களோடு இருந்த சிறுவர் நிலையத்துத் தங்கச்சி எங்கள் காதில் சொன்னார்: "நாங்க பேர் கூப்பிடுறது இடாப்புல புள்ளடி போடத்தானே சேர்." உண்மைதான். வரவு போடக் கூப்பிடுவது ஒன்று, வாவென்று கூப்பிடுவது வேறொன்று.

பிறகு ஒரு பையன் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தான். நாங்கள் இப்போது ஒரு சத்தம் வரும் என்று காத்திருந்தோம். டீச்சர் பாடத்தை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே நடந்து அவன் பக்கத்தில் போய் நின்றார். குனிந்து மெதுவாக, "உங்களுக்குக் கை சும்மா இருக்கேலாது போல. அந்தக் கொப்பியளைச் சேர்த்துக்கொண்டு வாங்கோ" என்றார். பையன் ஓடினான். அவ்வளவுதான். வகுப்புக்கு முன்னால் அவனுக்கு ஒரு அவமானமும் இல்லை, மேசைச் சத்தமும் நின்றது. எட்டு வயதுப் பிள்ளைக்கு "நீங்கள்" என்று மரியாதை கொடுத்துப் பேசியதையும் கவனித்தோம். இந்தப் பக்கத்துப் பழக்கம் அது. நமக்குப் பிள்ளையை "வாங்க" என்று கூப்பிட்டால் சிரிப்பு வரும். பழகிக்கொள்ளலாம், காசா பணமா?

ஒரு பெண்பிள்ளை வீட்டுவேலை செய்யவில்லை. "ஏன் செய்யேல்லை?" என்று டீச்சர் கேட்கவில்லை. "எந்த இடத்திலை தடக்கினது?" என்று கேட்டார். இந்த இரண்டு கேள்விக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளை பொய்தான் சொல்ல முடியும். வயிற்று வலி, கொப்பி தொலைந்தது, ஏதாவது ஒன்று. இரண்டாவது கேள்விக்கு அந்தப் பிள்ளை கொப்பியைத் திறந்து, கடன் வாங்கிக் கழிக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டியது. டீச்சருக்கு எந்த இடத்தில் பாடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

சுவரில் வகுப்பு விதிகள் ஒட்டியிருந்தன. அவை பிள்ளைகளின் கையெழுத்திலேயே இருந்தன, எழுத்துப் பிழையும் உண்டு. "சத்தம் போடாதே, ஓடாதே, அடிக்காதே" என்று இல்லை. ஒருவர் கதைத்தால் மற்றவர் கேட்போம், வகுப்புக்குள் நடந்து போவோம் என்று இருந்தது. வருடத் தொடக்கத்தில் பிள்ளைகளிடமே கேட்டு எழுதியதாம். "ஓடாதே" என்று சொன்னால் சின்னப் பிள்ளையின் மண்டையில் ஓட்டம்தான் நிற்கும். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொன்னால்தான் அதைச் செய்ய முடியும். கொழுந்து எடுக்கப் பழக்கும்போதும் அப்படித்தானே? முற்றல் எடுக்காதே என்று நூறு தரம் கத்துவதைவிட, "ரெண்டு இலையும் மொட்டும், இங்க பாரு" என்று ஒரு தரம் விரலைப் பிடித்துக் காட்டினால் போதும்.

அந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மாவோடு நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவரும் முன்பு பிரம்பு வைத்திருந்தவர்தான், ஒளிக்காமல் சொன்னார். 2004 டிசம்பர் 26 கடல்கோள் இந்த மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று கரையோரம் முழுவதையும் அடித்துப் போனதல்லவா? 2005 தொடக்கத்தில் பாடசாலை மறுபடி தொடங்கியபோது அவர் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். காற்று பலமாக அடித்தால் எழும்பி ஓடுவான். பக்கத்துப் பிள்ளையைத் தள்ளுவான். கூப்பிட்டால் காது கேளாதது போல் இருப்பான். முதல் வாரம் வழக்கம்போல் பிரம்பை எடுத்தாராம். அவன் அழவில்லை, பிரம்பையே பார்த்துக்கொண்டு நின்றானாம். "அந்தப் பிள்ளைக்கு நான் குடுக்கப் போற அடி என்னத்தைப் பெரிசு? அவன் பார்த்திட்டு வந்ததை நான் பார்க்கேல்லையே" என்று டீச்சரம்மா சொன்னார். அன்றிலிருந்து பிள்ளை குழப்படி செய்தால் அவர் முதலில் கேட்டவை மூன்றே மூன்று: சாப்பிட்டீங்களோ, நித்திரை கொண்டீங்களோ, வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்? பாதிப் பிரச்சினைக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடுமாம். பிறகு 2006இல் சண்டை மறுபடி தொடங்கி மூதூர்ப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்தபோதும் அந்த மூன்று கேள்விதான் கைகொடுத்தது என்றார்.

நமக்குக் கடல்கோள் வரவில்லை. ஆனால் அந்த மூன்று கேள்வியையும் நம் லயத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டாயா? காலை ஆறு மணிக்கு அம்மா பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் பிளேன்டீயும் நேற்றைய ரொட்டியும். நித்திரை? ஒரே காம்பராவில் ஏழு பேர், இரவு பத்து மணி மட்டும் டீவி, பக்கத்துக் காம்பராவில் குடித்துவிட்டுச் சண்டை. வீட்டில் யார்? அம்மா வெளிநாட்டில், ஆயாதான் பார்க்கிறார். இந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தாலும், எரிந்து விழுந்தாலும் அது திமிர் இல்லை. இந்தச் சேதி டீச்சருக்குத் தெரிய வேண்டும். யார் சொல்வது? நாம்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் வாசலில் சொல்லும் வசனத்தை மாற்றச் சொல்கிறோம். "டீச்சர், இவன் அம்மா போன மாசம் வெளிநாட்டுக்குப் போயிட்டாங்க. ராத்திரியில அழுவுறான். கொஞ்சம் பார்த்துக்கோங்க." இப்படிச் சொல்லலாம். "டீச்சர், எங்க காம்பராவுல எழுத எடமில்ல. காலையில வெள்ளனமே அனுப்புறோம், வகுப்புல ஒக்காந்து எழுத விடுங்க." இப்படியும் சொல்லலாம். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கேட்கிற டீச்சரும் மனுசர்தான். தோலை உரி என்று கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அடிக்கத்தான் முடியும். இப்படி ஒரு சேதி கொடுத்தால் செய்வதற்கு ஒரு வழி கிடைக்கும்.

இந்த இடத்தில் பஸ்ஸிலேயே ஒரு அண்ணன் எங்களோடு வாதாடினார். "அடியாத மாடு படியாது சேர். அடி ஒதவுற மாதிரி அண்ணன் தம்பி ஒதவ மாட்டான். நாங்க அடி வாங்கித்தானே ஆளானோம்?" அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும். உங்களோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், சாதாரண தரம் எழுதியவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எங்கள் வகுப்பை நாங்கள் எண்ணினோம். இருபத்தெட்டுப் பேர் தொடங்கினோம், நான்கு பேர் எழுதினோம். அடி எல்லோருக்கும் விழுந்தது. அடி வாங்கி ஆளானோம் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறோம். மற்ற இருபத்து நாலு பேரும் கூட்டத்தில் வந்து பேசுவதில்லை. எல்லோரும் அடியால்தான் நின்றார்கள் என்று சொல்லவில்லை. வறுமை, தூரம், வேலை எல்லாம் உண்டு. ஆனால் ஆளானவர்கள் அடியால் ஆனார்கள் என்பதற்கும் ஒரு கணக்கும் இல்லை. எங்களைப் படிக்க வைத்தது தரம் எட்டில் வந்த ஒரு டீச்சர். "ஒங்க கையெழுத்து தெளிவா இருக்கு, கடிதம் எழுதிப் பழகுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து இன்று இந்த வேலையில் இருக்கிறோம்.

பாராட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சும்மா "கெட்டிக்காரன், கெட்டிக்காரி" என்று எல்லோரையும் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கே அது புளித்துப் போகும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் "நல்லா எடுத்தீங்க" என்று சொல்வதைவிட, "நேத்து பதினாறு, இன்னைக்குப் பத்தொன்பது" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கிறது? பிள்ளைக்கும் அப்படித்தான். "பத்துக் கணக்கில ஆறு நீயே போட்டிருக்க. போன வாரம் மூனுதான் போட்ட." "அவன் அழிறப்பர் கேட்டப்போ பிடுங்காம குடுத்தியே, பார்த்தேன்." கண்டதைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது. பிந்தி வந்த பிள்ளைக்கு அரைப் பேர் போடுகிற கணக்கு மலையோடு நிற்கட்டும். வகுப்புக்குள் வந்த பிள்ளை முழுப் பிள்ளைதான்.

அப்படியானால் தவறு செய்தால் ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தண்ணீரைக் கொட்டியவன் துடைக்க வேண்டும். புத்தகத்தைக் கிழித்தவன் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். ஒருத்தியை அழ வைத்தவன் அவளிடம் போய்ப் பேச வேண்டும். செய்த தவறுக்கும் செய்யச் சொல்லும் காரியத்துக்கும் தொடர்பு இருந்தால் பிள்ளைக்குப் புரியும். கொப்பி கொண்டு வராததற்கும் வெயிலில் முட்டுக்கால் போடுவதற்கும் என்ன தொடர்பு? அதில் பிள்ளை படிப்பது ஒன்றுதான், அடுத்த முறை மாட்டிக்கொள்ளாமல் செய்ய வேண்டும் என்பது.

சிறுவர் நிலையத்துச் சகோதரிகளுக்கு ஒரு சேதி. நாம் "மொண்டிசோரி" என்று சொல்கிறோமே, அது ஒரு இத்தாலிய டாக்டர் அம்மாவின் பெயர். மரியா மொண்டிசோரி தம் முதல் பிள்ளைகள் வீட்டை 1907இல் ரோம் நகரத்தில் தொடங்கினார். யாருக்காக? பெரிய இடத்துப் பிள்ளைகளுக்காக அல்ல. தொழிலாளர் குடியிருப்பில், அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனபின் படிக்கட்டிலும் முற்றத்திலும் திரிந்த பிள்ளைகளுக்காக. சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு பிள்ளைக் காம்பரா. கைக்கு எட்டிய வேலையும் அதைச் செய்ய நேரமும் கொடுத்தால் பரிசும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம் என்று அங்கேதான் அவர் கண்டார். 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆகவே "இதெல்லாம் டவுன் புள்ளைகளுக்குச் சரி, லயத்துப் புள்ளைகளுக்குச் சரிவராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த முறை பிறந்ததே லயம் போன்ற ஓர் இடத்தில்தான்.

டீச்சர்மாரின் கஷ்டத்தையும் பேசாமல் விட்டால் நியாயமில்லை. சில தோட்டப் பாடசாலைகளில் ஒரே டீச்சர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறார். மழையில் சறுக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து வருகிறார். பிரம்பைக் கீழே வைத்த முதல் இரண்டு வாரம் வகுப்பில் சத்தம் கூடத்தான் செய்யும். பிள்ளைகள் சோதித்துப் பார்ப்பார்கள். அப்போது நாம் வாசலில் நின்று "இந்த டீச்சருக்குப் பயமே இல்லை, புள்ளைகள் மேயுதுங்க" என்று பேசினால் அவர் மறுபடியும் பிரம்பை எடுப்பார். பொறுக்க வேண்டும். இங்கே துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி நேற்றுச் சொன்னார்: எவ்வளவு பெரிய கப்பல் வந்தாலும் உள்ளே கொண்டுவர பைலட் என்று ஒருவர் ஏறுவாராம். அவருக்கு இந்தத் தண்ணீரின் ஆழம் தெரியும், பாறை தெரியும். ஆனால் கப்பலின் கப்டன் கப்டனாகவே இருப்பார். பைலட் பக்கத்தில் நின்று வழி சொல்வாராம். அதைக் கேட்டதும் முன் வரிசை டீச்சரம்மா, "வகுப்பிலை என்ரை வேலையும் அதுதான்" என்று சிரித்தார்.

இனி சட்டம். சுருக்கமாகச் சொல்கிறோம், ஆனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை 1991இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கையை அனுப்பியது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. தெற்கில் ஒரு பாடசாலையில் 15 வயது மாணவனை ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததில் பிள்ளையின் காது கேட்கும் சக்தி பாதிக்கப்பட்டுவிட்டது. இது அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையை மீறிய செயல், அதாவது மனுசனை மனுசனாக நடத்தாத கொடுமை, என்று நீதிமன்றம் சொன்னது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. காது காசுக்குத் திரும்பி வராது. ஆனாலும் "நாங்க ஒன்னும் கேக்க மாட்டோம்" என்று வாசலில் சொல்லி வைத்த பெற்றோர் இப்படி ஒரு நாள் வந்தால் எந்த வாயால் போய்க் கேட்பது?

பிள்ளைக்குக் காயம்பட அடி விழுந்தால் சண்டை பிடிக்கப் போகாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்குக் காட்டி, துண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிபரிடம் பேசுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நம் ஆட்கள் போகாமல் இருப்பதும் ஒரு குறை. அதிலும் சரிவரவில்லை என்றால் வலயக் கல்விப் பணிமனை இருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற எண்ணுக்கு யாரும் போன் எடுக்கலாம். காசு இல்லை. தனியாகப் போகப் பயமாக இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், கூட வருகிறோம். இந்தத் தடவை யார் கையையும் பிடித்து இழுக்க மாட்டோம்.

அந்தப் பையன் கதையில் பாக்கி ஒன்று இருக்கிறது. போன தீபாவளிக்கு லீவில் வந்திருந்தான். நல்ல சேர்ட்டு, கையில் போன், தோள் அகன்றுவிட்டது. எங்களைக் கண்டு ஒதுங்காமல் நின்றான். நாங்கள்தான் பேச்சை எடுத்தோம். அன்றைக்கு உன்னை அப்படிக் கூட்டிப் போனது தவறுப்பா என்றோம். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தங்கச்சி ஜனவரியில ஒன்னாம் வகுப்புக்குப் போவுது சேர். நீங்க கூட்டிட்டுப் போகாதீங்க. அப்பாவ அனுப்புங்க" என்றான்.

நாங்கள் போகவில்லை. அப்பாவுக்கு அன்று துரையிடம் சொல்லி லீவு எடுத்துக் கொடுத்தோம். முதல் நாள் இரவு அவரை எங்கள் ஓபீசில் உட்கார வைத்து டீச்சரிடம் என்ன சொல்வது என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்க்க வைத்தோம். மனுசன் மம்பட்டி பிடித்த கையைப் பிசைந்துகொண்டு, பழைய வசனமே வாயில் வருகிறது என்று வெட்கப்பட்டார். காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர் திரும்பி வந்து சொன்னது: "பாதி மறந்துருச்சிங்க. 'இது பயந்த புள்ள டீச்சர், சத்தம் போட்டா ஒன்னுக்குப் போயிரும்'னு மட்டும் சொன்னேன். டீச்சர் சிரிச்சிக்கிட்டே முன் வாங்குல தன் பக்கத்துல ஒக்கார வச்சிக்கிட்டாங்க."

பிள்ளை இப்போது போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் வாரம் ஒரு தரம் வரவு மட்டும் பார்க்கிறோம்.

தேநீர் வந்துவிட்டது போலிருக்கிறது. நம் தோட்டத்துத் தேயிலைதான், கையோடு கொண்டு வந்து கொடுத்திருக்கிறோம். குடித்துக்கொண்டே கேள்வி கேளுங்கள். பஸ்ஸில் வாதாடிய அண்ணன் முதலில் கேட்கட்டும்.